நெருஞ்சிலும் நைட்ரிக் ஆக்சைடும்: சங்கிலி எங்கே அறுகிறது?

கொஞ்ச நாளாக ஒரே வாதம் பல வேஷத்தில் கண்ணில் படுகிறது. நெருஞ்சில் பொடி டப்பாவின் பின்பக்கம், வாட்ஸப்பில் சுற்றும் மூன்று நிமிட வீடியோ, பேருந்து நிலையக் கடையில் தொங்கும் மாத இதழின் மருத்துவப் பக்கம். வார்த்தைகள் மாறும், எலும்புக்கூடு ஒன்றுதான். நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு தசையைத் தளர்த்தும். அதைக் கண்டுபிடித்ததற்கு 1998-இல் நோபல் கொடுத்தார்கள். வயதானால் அது உடம்பில் குறைகிறது, அதனால்தான் ஆண்களுக்கு மூத்திரம் அடைக்கிறது. நெருஞ்சில் அதை ஏற்றும் என்று வெளிநாட்டில் நிரூபித்துவிட்டார்கள். ஆகவே நெருஞ்சில் கஷாயம் குடித்தால் புராஸ்டேட் தொல்லை தீரும். கூடவே ஒரு டம்ளர் பீட்ரூட் ஜூஸ் குடித்தால் இன்னும் நல்லது.

நான் டாக்டர் இல்லை. பி.ஈ. படித்துவிட்டு இருபது வருடத்துக்கு மேலாக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். ஆனால் புரொடக்‌ஷனில் ஒரு சிஸ்டம் விழுந்தால் என்ன செய்வோம்? கடைசியில் வந்த எரரை மட்டும் பார்க்க மாட்டோம். ஒவ்வொரு அழைப்பும் அடுத்ததற்கு உண்மையிலேயே எதைக் கொடுத்தது என்று லாகில் பின்னோக்கிப் போவோம். இந்த வாதத்தையும் அப்படித்தான் பார்த்தேன். இதில் பல வரிகள் தனித்தனியாக உண்மை என்பதுதான் வேடிக்கை. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் இருக்கும் "அதனால்" என்ற சொல்தான் தகராறு.

முதல் வரியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1977-இல் ஃபெரிட் முராட், நைட்ரோகிளிசரின் உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டு வேலை செய்கிறது என்று காட்டினார். 1980-இல் ராபர்ட் ஃபர்ச்காட், ரத்தக்குழாயின் உள்சுவரிலிருந்து ஏதோ ஒரு தளர்த்தும் பொருள் வருகிறது, அது என்னவென்று தெரியவில்லை என்றார். அது நைட்ரிக் ஆக்சைடுதான் என்று 1987 வாக்கில் லூயிஸ் இக்னாரோவும், லண்டனில் சால்வடார் மொன்காடாவின் குழுவும் தனித்தனியாகச் சொன்னார்கள். நோபல் முதல் மூவருக்குப் போனது, மொன்காடாவுக்கு இல்லை. அந்த மனத்தாங்கல் அறிவியல் உலகில் இன்றைக்கும் பேசப்படுகிறது. நம் பக்கத்தில் ஒரு காலத்தில் கிணறு தோண்டப் பாறைக்கு டைனமைட் வேட்டு வைப்பார்களே, அதன் மூலச்சரக்கும் இதே நைட்ரோகிளிசரின்தான். டைனமைட் செய்து பணக்காரரான ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் இதய வலிக்கு அதை எழுதிக் கொடுத்தார்கள். மனுஷன் வேண்டாம் என்றுவிட்டார்.

இனி மூத்திரப்பை. இங்கேதான் வீடியோக்காரர்கள் அவசரப்படுகிறார்கள், நாம் நிதானமாகப் பார்ப்போம்.

மூத்திரப்பை ஒரு தசைப் பை. அந்தத் தசைக்கு டெட்ரூசர் என்று பெயர். பையிலிருந்து வெளியே போகும் குழாய் யூரெத்ரா. ஆண்களுக்கு அந்தக் குழாயின் ஆரம்பத்தைச் சுற்றி மோதிரம் மாதிரி உட்கார்ந்திருப்பது புராஸ்டேட். நாளின் பெரும்பகுதி இந்த அமைப்பு சேமிக்கும் நிலையில் இருக்கிறது: பை தளர்ந்திருக்கும், வாய் இறுகியிருக்கும். போகவேண்டிய நேரத்தில் எல்லாம் தலைகீழாக வேண்டும்: பை இறுகணும், வாய் தளரணும். முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து கிளம்பும் நரம்புகள் இரண்டையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் செய்கின்றன. பைக்குப் போகும் நரம்புமுனை அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை விடுகிறது, பை சுருங்குகிறது. யூரெத்ராவுக்குப் போகும் நரம்புமுனை நைட்ரிக் ஆக்சைடை விடுகிறது, குழாய் தளர்கிறது. சரியாகச் சொன்னால் குழாயின் அழுத்தம் முதலில் விழும், அதற்குப் பிறகுதான் பையின் அழுத்தம் ஏறும். கதவைத் திறந்துவிட்டுத் தள்ளுகிற மாதிரி.

ஆக நைட்ரிக் ஆக்சைடுக்கு இங்கே வேலை இருக்கிறது, அதுவும் அழகான வேலை. ஆனால் இடம் முக்கியம். கதவில்தான் அந்த வேலை. பையின் தசை இதற்குப் பெரிதாக மசிவதில்லை. ஆய்வகத்தில் டெட்ரூசர் துண்டைத் தொங்கவிட்டு நைட்ரிக் ஆக்சைடு கொடுத்தால் அது லேசாகத்தான் தளர்கிறது, பல நேரம் கண்டுகொள்வதே இல்லை. யூரெத்ராத் துண்டோ உடனே இளகுகிறது. அந்த வாயுவைச் செய்யும் நொதி உள்ள நரம்புகளும் பையின் கழுத்திலும் குழாயிலும் அடர்த்தி, மேலே போகப் போகக் குறைவு. வாயுவின் ஆயுளும் சில நொடிகள்தான். செய்த இடத்திலேயே வேலையை முடித்துவிட்டு மறைந்துவிடும். அதனால் "உடம்பில் நைட்ரிக் ஆக்சைடை ஏற்றுவது" என்ற பேச்சே எனக்கு இடிக்கிறது. இது தண்ணீர்த் தொட்டியில் மட்டம் ஏற்றுகிற விஷயமில்லை. ஒரு குறிப்பிட்ட கம்பியில், குறிப்பிட்ட நொடியில் போகவேண்டிய சிக்னல்.

அந்தக் கம்பியை வெட்டினால் என்ன ஆகும்? 1997-இல் ஆர்தர் பர்னெட்டின் குழு, நரம்பில் நைட்ரிக் ஆக்சைடு செய்யும் நொதிக்கான மரபணு நீக்கப்பட்ட எலிகளை ஆராய்ந்து 'நேச்சர் மெடிசின்' இதழில் எழுதியது. அந்த எலிகளுக்குப் பை வீங்கிப் பருத்திருந்தது, குழாய் சரியாகத் தளரவில்லை, அடிக்கடி சிறுநீர் கழித்தன. நம் புராஸ்டேட் ஆசாமிகளின் கதை அப்படியே இருக்கிறது அல்லவா? ஆனால் அதே வருடம், அதே நொதி இல்லாத எலிகளை வைத்துச் சதர்லாண்ட் என்பவரும் சகாக்களும் செய்த ஆய்வில் பையிலோ குழாயிலோ சொல்லும்படியான மாற்றம் எதுவும் தெரியவில்லை. பிரபலக் கட்டுரைகள் முதல் ஆய்வை மட்டும் சொல்லும். இரண்டாவது கூகுளில் நாலாவது பக்கத்தில் கிடக்கும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் படுவது இதுதான்: உடம்பு ஒரே ஒரு வாயுவை நம்பிக் கதவைத் தொங்கவிடவில்லை. ஒரு வழி அடைந்தால் வேறு வழி பார்த்துக்கொள்கிறது.

இன்னொன்றும் சொல்லணும். வயதான ஆணுக்கு அடைப்பு வருவதன் முக்கியக் காரணம் வாயுக் குறைவு இல்லை, புராஸ்டேட் பருத்துக் குழாயை நெருக்குவது. அதற்குள் இருக்கும் தசை இறுகி நிற்பது நார்அட்ரினலின் என்ற வேறொரு வேதிப்பொருளின் கட்டளையால். டாக்டர்கள் முதலில் எழுதித் தரும் டாம்சுலோசின் அந்தக் கட்டளையைத்தான் மறிக்கிறது. "நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது, அதனால்தான் அடைக்கிறது" என்ற வரி இந்த இரண்டு விஷயத்தையும் தாண்டிக் குதித்துப் போகிறது.

இப்போது நெருஞ்சில். கொங்குநாட்டில் செருப்பில்லாமல் நடந்த எவருக்கும் இதை அறிமுகப்படுத்த வேண்டாம். பல்லடம், காங்கயம் பக்கத்து மேட்டாங்காட்டிலும் புறம்போக்கிலும் மஞ்சள் பூவோடு தரையில் படர்ந்து கிடக்கும். முள் குத்தினால் கால் முழுக்கக் கடுக்கும். சைக்கிள் டயரைப் பதம் பார்த்த அனுபவம் என் வயதுக்காரர்களுக்கு உண்டு. சித்த மருத்துவத்தில் நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் இது பெயர் பெற்றது. அந்தப் பெயரை நான் இங்கே கேள்வி கேட்கவில்லை. என் சண்டை அதன்மேல் புதிதாக ஒட்டிய நைட்ரிக் ஆக்சைடு லேபிளோடுதான்.

"வெளிநாட்டில் நிரூபித்துவிட்டார்கள்" என்ற வரியைத் தொடர்ந்து பின்னால் போனால் பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் முட்டுகிறது: 2000-இல் சிங்கப்பூர் மருத்துவ அகாதமியின் ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை. எழுதியவர்களில் முதல் இரண்டு பெயர் அடைக்கன், கௌதமன். தமிழ்ப் பெயர்களைப் பார்த்ததும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். அவர்கள் முயல்களுக்கு 8 வாரம் நெருஞ்சில் சாறு கொடுத்தார்கள். பிறகு முயலின் ஆண்குறியில் உள்ள பஞ்சு போன்ற திசுவை எடுத்து, அது எவ்வளவு தளர்கிறது என்று அளந்தார்கள். ஆமாம், படித்தது சரிதான். அது மூத்திரப்பை இல்லை, யூரெத்ரா இல்லை, புராஸ்டேட்டும் இல்லை. ஆண்மைக்குறைவு பற்றிய ஆய்வு அது. சாறு குடித்த முயல்களின் திசு, நரம்பைத் தூண்டியபோதும் அசிட்டைல்கோலின் கொடுத்தபோதும் சுமார் 10 சதவீதமும், நைட்ரோகிளிசரின் கொடுத்தபோது சுமார் 24 சதவீதமும் கூடுதலாகத் தளர்ந்தது.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நைட்ரோகிளிசரின் என்பது வெளியிலிருந்து ஊற்றும் நைட்ரிக் ஆக்சைடு. அதற்கு உடம்பின் சொந்த உற்பத்தி தேவையில்லை. நெருஞ்சில் உடம்பின் உற்பத்தியை மட்டும் ஏற்றியிருந்தால் நரம்பைத் தூண்டும்போதுதான் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்கணும். வெளியிலிருந்து ஊற்றும்போது வித்தியாசம் வர வேண்டிய அவசியமே இல்லை. நடந்தது நேர் எதிர். இதை வைத்து நான் யோசித்தால், மாற்றம் உற்பத்தியில் இல்லாமல் அதற்குப் பின்னால் வரும் கட்டத்தில் இருக்கலாம். வாயு வந்து சேர்ந்த பிறகு தசை அதற்கு எப்படிப் பதில் சொல்கிறது என்ற கட்டத்தில். கட்டுரை ஆசிரியர்கள் நைட்ரிக் ஆக்சைடு வெளியீடு கூடியிருக்கலாம் என்று ஊகமாகத்தான் சொன்னார்கள், மேலும் ஆராயவேண்டும் என்றும் சேர்த்தே எழுதினார்கள். அவர்கள்மேல் குறை இல்லை. அந்த "இருக்கலாம்" அடுத்த கட்டுரைக்குப் போகும்போது "என்று கருதப்படுகிறது" ஆனது. அதற்கடுத்த தொகுப்புக் கட்டுரையில் "ஏற்றுகிறது" ஆனது. டப்பாவுக்கு வரும்போது "நிரூபித்துவிட்டார்கள்". முயலும் வழியில் எங்கேயோ இறங்கிப் போய்விட்டது.

அடுத்த ஓட்டை எனக்கு மிகவும் பிடித்தது. நெருஞ்சிலில் வேலை செய்வதாகச் சொல்லப்படும் சரக்கு புரோட்டோடயோசின் என்ற சபோனின். பல்கேரியாவில் பல வருடமாக விற்கும் மாத்திரையின் அடிப்படையும் அதுதான். 2008-இல் டின்செவ் என்பவரும் சகாக்களும் பல நாட்டு நெருஞ்சிலை எடுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்து 'ஃபைட்டோகெமிஸ்ட்ரி' இதழில் எழுதினார்கள். பல்கேரியா, துருக்கி, ஈரான் பக்கத்துச் செடிகள் ஏறக்குறைய ஒரே ஜாதி. இந்தியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வந்த மாதிரிகள் முற்றிலும் வேறு மாதிரி இருந்தன. டிரிபுலோசின் என்ற வேறொரு சபோனின்தான் அவற்றில் தூக்கலாக இருந்தது. பெயர் ஒன்று, பூ ஒன்று, முள் ஒன்று, உள்ளே ஓடும் ரசாயனம் வேறு. ஒரே பெயரில் இரண்டு வெர்ஷன் லைப்ரரி இருந்து, ஒன்றுக்கு எழுதிய டெஸ்ட் பாஸ் ஆனதை இன்னொன்றுக்கு ஆதாரமாகக் காட்டினால் எந்த டீம் லீடாவது ஒத்துக்கொள்வாரா? சூலூர் புறம்போக்கில் பறித்த செடிக்குக் கருங்கடல் கரைச் செடியின் சான்றிதழை ஒட்டுவது அந்தக் கதைதான்.

போகிற போக்கில் ஒன்று: தென்னாப்பிரிக்காவில் நெருஞ்சிலை நிறைய மேய்ந்த செம்மறிகளுக்குக் கல்லீரல் கெட்டு, வெயில் பட்டால் முகம் வீங்கி மஞ்சளாகும் ஒரு நோய் வரும். அங்கே அதற்குத் தனிப் பெயரே உண்டு. மூலிகை என்றாலே பக்கவிளைவு இல்லை என்று பேசுபவர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மனிதன் ஆடில்லை என்பார்கள். முயலா என்று திருப்பிக் கேட்டால் பேச்சு மாறிவிடும்.

மூத்திரத்துக்கே நேராக வருவோம். 2003-இல் வந்த ஓர் ஆய்வில் எலிகளுக்கு நெருஞ்சில் நீர்ச்சாறு கொடுத்தபோது சிறுநீர் அளவு நன்றாகக் கூடியது. பாரம்பரியமாகச் சொல்லும் "நீர் பிரியும்" என்பதற்கு இது ஆதரவுதான். ஆனால் அதே ஆய்வில் கினிப்பன்றியின் குடல் தசைமேல் அந்தச் சாற்றைப் போட்டபோது தசை சுருங்கியது. தளரவில்லை, சுருங்கியது. கல்லை வெளியே தள்ள அது உதவலாம் என்று ஆய்வாளர்கள் அதை நல்லதாகவே பார்த்தார்கள். நைட்ரிக் ஆக்சைடு கதை சொல்பவர்கள் இந்தப் பாதியைத் தொடுவதே இல்லை. தொட்டால் கதை நிற்காது.

இது ஏட்டுச்சண்டை மட்டும் இல்லை என்பதற்காக ஒன்று சொல்கிறேன். பல்லடம் பக்கம் எங்கள் பெரியப்பா ஒருவர், எழுபதை நெருங்குகிறவர், பத்துத் தறி வைத்து ஓட்டியவர். ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறார். இதயக் கோளாறுக்குப் பல வருடமாக சார்பிட்ரேட் சாப்பிடுகிறார். வீடியோ பார்த்துவிட்டு மூணு மாசமாக நெருஞ்சில் கஷாயம். "ஏங்கண்ணு, இது நோபல் பரிசு வாங்குன மருந்துன்னு சொல்றாங்களே, நெசந்தானா?" என்று போனில் கேட்டார். "அந்தப் பரிசுக்கும் கஷாயத்துக்கும் சம்பந்தமில்லீங்க பெரியப்பா, முதல்ல ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துரலாமுங்க" என்றேன். எடுத்தோம். சிறுநீர் கழித்து முடித்த பிறகும் பைக்குள் 180 மில்லி தங்கியிருந்தது.

அந்த எண்தான் எனக்குக் கவலை. வாய் நெருங்கி, பை முழுசாகக் காலியாகாத ஒருவருக்கு நீர் பெருக்கும் கஷாயம் கொடுப்பது, சாக்கடை அடைத்திருக்கும்போது மேல்மாடிக் குழாயைத் திறந்துவிடுவது மாதிரி. அடைப்பு தளர்கிறதா என்பது தெரியாது, உள்ளே வரும் அளவு மட்டும் கூடும். பை அளவுக்கு மீறி விரிந்து ஒரு நாள் சுத்தமாக வராமலே போனால் டியூப் போடத்தான் ஓடவேண்டும். நாள்பட்ட தேக்கம் மெதுவாகச் சிறுநீரகத்தையும் பாதிக்கும். கல்லுக்குச் சொன்ன மருந்தை அடைப்புக்கு மாற்றிக் கொடுக்க நடுவில் பாலமாக நிற்பது "நைட்ரிக் ஆக்சைடு தளர்த்தும்" என்ற ஒற்றை வரி. அந்த வரியின் யோக்கியதை முயலோடு முடிகிறது.

சார்பிட்ரேட் என்றதும் இன்னொரு அபாயம். சில்டெனாஃபில், டாடலாஃபில் வகை மருந்துகள், நைட்ரிக் ஆக்சைடு தசைக்குள் உண்டாக்கும் செய்தி சீக்கிரம் அழிந்துவிடாமல் தடுக்கின்றன. சார்பிட்ரேட்டோடு இவை சேர்ந்தால் ரத்த அழுத்தம் சடாரென்று விழும், உயிரே போகலாம். "மூலிகை" என்று விற்கும் ஆண்மைப் பொடிகளுக்குள் இந்த மருந்துகளை லேபிளில் சொல்லாமல் கலந்திருப்பதாக அமெரிக்க எஃப்.டி.ஏ. வருடாவருடம் எச்சரிக்கை விட்டுக்கொண்டே இருக்கிறது. வீட்டுக் கொல்லையில் பறித்த நெருஞ்சிலுக்கு இந்தப் பயம் இல்லை. ஊர் பேர் தெரியாத டப்பாவுக்கு உண்டு.

டாடலாஃபிலைச் சொன்னதால் எதிர்த்தரப்பின் பலமான வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். நைட்ரிக் ஆக்சைடு வழியைத் தொடும் ஒரு மருந்து புராஸ்டேட் தொல்லைக்கு உண்மையிலேயே அனுமதி வாங்கியிருக்கிறது. தினம் 5 மில்லிகிராம் டாடலாஃபில், எஃப்.டி.ஏ. அனுமதி 2011 அக்டோபர். அப்படியென்றால் கோட்பாடு சரிதானே என்று கேட்கலாம். 2008-இல் வந்த அளவு நிர்ணய ஆய்வைப் பாருங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள், 12 வாரம். தொல்லையை அளக்க ஏழு கேள்விகள், மொத்தம் 35 மதிப்பெண், எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. 5 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கு 4.9 குறைந்தது. வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் 2.3 குறைந்தது. நிகர லாபம் 2.6. சிறுநீர் பாயும் வேகத்தில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. கதவு தளர்ந்திருந்தால் வேகம் கூடியிருக்கணுமே? கூடவில்லை. ஆனாலும் தொல்லை குறைந்தது. இடுப்புப் பகுதி ரத்த ஓட்டமா, பையிலிருந்து மூளைக்குப் போகும் அவசரச் செய்தி அடங்குவதா என்று பல விளக்கம் சொல்கிறார்கள். தரம் பார்த்து, அளவு பார்த்து, ஆயிரம் பேரிடம் சோதித்த மருந்துக்கே லாபம் இவ்வளவுதான், வழியும் முழுசாகப் புரியவில்லை. பொடி டப்பாவுக்கு மட்டும் எல்லாம் புரிந்துவிட்டது.

மாவு மாத்திரையின் அந்த 2.3-ஐ மனதில் வைத்துக்கொண்டு கொல்கத்தாவுக்கு வாருங்கள். நெருஞ்சிலையும் கறிவேப்பிலையையும் சேர்த்த ஒரு மருந்தை டாம்சுலோசினோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனை 2011-இல் 'கிளினிக்கல் தெரபியூட்டிக்ஸ்' இதழில் வந்தது. ஐம்பது வயது தாண்டிய ஆண்கள், 12 வாரம், யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது நோயாளிக்கும் தெரியாது. நம் நாட்டில் இப்படி ஒழுங்காக ஒன்று நடந்ததே பெரிய விஷயம், மனதாரப் பாராட்டுகிறேன். இரண்டு பக்கமும் மதிப்பெண் குறைந்தது, பெரிய வித்தியாசம் இல்லை. நெருஞ்சில் அன்பர்கள் தூக்கிக் காட்டவேண்டிய ஆய்வு இதுதான், முயல் ஆய்வு இல்லை. ஆனால் ஆட்கள் கொஞ்சம், மாவு மாத்திரைக் குழு கிடையாது. சின்னக் கூட்டத்தில் வித்தியாசம் தெரியாமல் போவது சுலபம். தெரியவில்லை என்பதற்கும் இரண்டும் சமம் என்பதற்கும் தூரம் அதிகம். கறிவேப்பிலையின் பங்கு எவ்வளவு என்பதும் தனியாகத் தெரியாது. நைட்ரிக் ஆக்சைடைப் பற்றியோ இந்த மதிப்பெண் எதுவுமே சொல்லாது.

பீட்ரூட் பாக்கி இருக்கிறது. நீலகிரியிலும் உடுமலைப் பக்கமும் விளைகிற சரக்கு, நம்மூர் ஜூஸ் கடைகளில் இப்போது ராஜா. இதில் உள்ள நைட்ரேட், நாக்கின்மேல் வாழும் பாக்டீரியாவால் நைட்ரைட்டாகி, பிறகு உடம்பில் நைட்ரிக் ஆக்சைடாகிறது. கட்டுக்கதை இல்லை. 2008-இல் லண்டனில் அரை லிட்டர் பீட்ரூட் ஜூஸ் கொடுத்துப் பார்த்ததில் மூன்று மணி நேரத்துக்குள் மேல் ரத்த அழுத்தம் 10 புள்ளி அளவுக்கு இறங்கியது. ஆனால் அது ரத்தக்குழாய். தின்ற நைட்ரேட்டில் பாதிக்கு மேல் மாறாமல் அப்படியே சிறுநீரில் போய்விடுகிறது.

அங்கே போய் என்ன ஆகிறது என்பதுதான் சுவாரசியம். பைக்குள் ஈ.கோலை மாதிரிக் கிருமி இருந்தால் அந்த நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கும். லேபில் சிறுநீரில் ஒரு பட்டையை முக்கிப் பார்க்கிறார்களே, அதில் ஒரு கட்டம் ரோஸ் நிறமாவது இந்த நைட்ரைட்டுக்குத்தான். அதாவது நோய்க்கான அடையாளம். 1996-இல் ஸ்வீடனில் லுண்ட்பெர்க் குழு, மூத்திரப்பைக்குள் இருக்கும் நைட்ரிக் ஆக்சைடையே நேராக அளந்தது. பை அழற்சி உள்ளவர்களிடம் அது சாதாரண ஆட்களைவிடப் பல மடங்கு அதிகம். கிருமியோடு சண்டை போட உடம்பு அங்கே அதைக் கொட்டுகிறது. குழாயின் நரம்பில் ஒரு நொடி வந்து போனால் அது "கதவைத் திற" என்ற செய்தி. பைக்குள் மண்டிக் கிடந்தால் "இங்கே தீப்பிடித்திருக்கு" என்ற செய்தி. ஒரே எரர் கோட், இரண்டு மாடியூலில் இரண்டு அர்த்தம். எங்கே என்று கேட்காமல் "அதிகம் நல்லது" என்பவரை நான் கோட் ரிவ்யூவுக்குக்கூட உட்காரவைக்க மாட்டேன்.

நைட்ரேட் சாப்பிட்டால் புராஸ்டேட் சரியாகும் என்ற கணக்கை நம் ஊர்த் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கைப்படி தமிழ்நாட்டு மாதிரிகளில் 37 சதவீதம் அதைத் தாண்டுகிறது. சிறுவாணி குடிப்பவர்களை விடுங்கள். போர்வெல் தண்ணீரில் 90 மில்லிகிராம் இருந்து, வெயிலில் வேலை செய்கிறவர் தினம் மூன்று லிட்டர் குடித்தால் 270 மில்லிகிராம் நைட்ரேட். 60 கிலோ ஆளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அன்றாட வரம்பே 222-தான். உரமும் சாக்கடையும் இறங்கிய அந்தத் தண்ணீரை "நைட்ரிக் ஆக்சைடு டானிக்" என்று பாட்டிலில் அடைத்து விற்க யாரும் இன்னும் துணியவில்லை. பீட்ரூட்டை அளவாகச் சாப்பிடுவதில் எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை, கீரைக்கும் அப்படித்தான். ஆனால் பீட்ரூட்டில் ஆக்சலேட்டும் அதிகம். ஏற்கெனவே ஒரு தடவை ஆக்சலேட் கல் வந்தவர் தினம் ஒரு டம்ளர் என்று ஆரம்பிக்கும்முன் தன் டாக்டரை ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசையிருந்தால் செய்யவேண்டியது ராக்கெட் அறிவியல் இல்லை. கொங்குப் பகுதியில் பறித்த நெருஞ்சிலை எடுத்து உள்ளே என்ன சபோனின் எவ்வளவு என்று அளந்து எழுதவேண்டும். அதே சரக்கை ஒரு குழுவுக்கும், நிறத்திலும் கசப்பிலும் அதே மாதிரி வெறும் பொடியை இன்னொரு குழுவுக்கும் 12 வாரம் கொடுக்கணும். அந்த ஏழு கேள்வி, சிறுநீர் பாயும் வேகம், கழித்த பிறகு தங்கும் அளவு, மூன்றையும் முன்னும் பின்னும் குறிக்கணும். சார்பிட்ரேட் சாப்பிடுபவர்களையும், ஏற்கெனவே நிறையத் தேங்கி நிற்பவர்களையும் சேர்க்கக்கூடாது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, நம் ஊரிலேயே சிறுநீரியல் பிரிவுள்ள ஆஸ்பத்திரிகள் வரிசையாக இருக்கின்றன. வேகம் அளக்கும் கருவி என்பது அடிப்படையில் ஒரு புனலும் எடை பார்க்கும் சென்சாரும். சாஃப்ட்வேர் பகுதியை நான் சும்மாவே எழுதித் தருகிறேன்.

பெரியப்பா இப்போது டாம்சுலோசினில் இருக்கிறார். கஷாயத்தை டாக்டரே நிறுத்தச் சொன்னார். போன மாத ஸ்கேனில் 60 மில்லி.